குளத்தோரமும் கடல்நீரேரிக் கரையும்: யாழ்ப்பாணத்தில் வீடு வாங்கப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் தண்ணீர் தெரியும் இடத்தில் ஒரு வீடு வேண்டும் என்று தேடுகிறவர்கள் பலர். சிலருக்குக் கொழும்புத்துறை, பாசையூர், நாவற்குழிப் பக்கம் கடல்நீரேரிக் காற்று வேண்டும். சிலர் ஊருக்குள் ஒரு குளத்தின் கட்டோரம் பழைய வளவு கிடைக்குமா என்று பார்க்கிறார்கள். நானும் அப்படித் தேடித்தான் வாங்கினேன். என்னை அலைக்கழித்தது விலை அல்ல, கடதாசி. ஓர் அலுவலகம் கேட்டதைக் கொண்டுபோனால் அங்கே இன்னொன்றைக் கேட்பார்கள். முழுப் பட்டியலையும் ஒரே தடவையில் சொல்ல எவரும் இல்லை.

அந்தப் பட்டியலைத்தான் செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே கீழே தருகிறேன். சட்டத்தரணி செய்ய வேண்டிய வேலையை இது செய்யாது. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லும். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள்: எட்டாவது படி முடியும்வரை எவர் கையிலும் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள். "இன்னொருவர் காசோடு நிற்கிறார்" என்று தரகர் சொல்வார். நிற்கட்டும்.

1. மாரியில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை பாருங்கள்

தை, மாசியில் போய்ப் பார்த்தால் எந்த வளவும் அழகாகத்தான் இருக்கும். குளத்தில் தண்ணீர் நிற்கும், முற்றம் காய்ந்திருக்கும், கிணற்றில் கை எட்டுமளவுக்கு நீர் இருக்கும். அந்தக் காட்சியை வைத்து விலை பேசக்கூடாது. நமக்குப் பெருமழை ஐப்பசி தொடங்கி மார்கழிவரைதான். கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் காலையில் போனால், அந்த வளவு வெள்ளம் ஏறுவதா இல்லையா என்பது ஒரு மணிநேரத்தில் தெரிந்துவிடும்.

மாரிவரை காத்திருக்க முடியாவிட்டால் அயலில் வயதான ஒருவரிடம் கேளுங்கள். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது தண்ணீர் எதுவரை நின்றது? 2024 நவம்பர் இறுதி மழையில் எதுவரை நின்றது? எத்தனை நாளில் வடிந்தது? மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஒரு நாளில் வடியும் வெள்ளத்தோடு வாழலாம். ஒரு கிழமை நிற்கும் வெள்ளம் மலக்குழியையும் கிணற்றையும் ஒன்றாக்கிவிடும்.

வாசலில் நின்று ஒழுங்கையின் மட்டத்தையும் முற்றத்தின் மட்டத்தையும் ஒப்பிடுங்கள். ஒழுங்கைகளுக்கு மேலும் மேலும் கல்லும் தாரும் போட்டு உயர்த்தியதால் பழைய வளவுகள் பல வீதியைவிடத் தாழ்ந்துபோயிருக்கின்றன. பிறகு, குளத்துக்கு ஓடும் வாய்க்கால் எங்கே போகிறது என்று கால்நடையாகவே தொடர்ந்து பாருங்கள். இடையில் எவராவது மதில் கட்டி அதை மறித்திருந்தால், அந்தத் தண்ணீர் நீங்கள் வாங்கப்போகும் முற்றத்தில்தான் நிற்கும்.

கோடையில் பார்க்க வேண்டியது கிணறு. ஆவணி, புரட்டாதியில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, சுவை மாறுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். இதைப் பற்றி எட்டாம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

2. அந்த நீர்நிலை யார் பொறுப்பில் இருக்கிறது என்று அறியுங்கள்

குளம் என்றால் பெரும்பாலும் கமநல அபிவிருத்தித் திணைக்களம். நகருக்குள் என்றால் மாநகர சபையாக இருக்கலாம். கோயில் கேணி என்றால் அதைச் சுற்றியுள்ள காணியில் ஒரு பகுதி கோயிலின் தருமச் சொத்தாக இருக்கக்கூடும். குளத்துக்கென்று ஒதுக்குக் காணி உண்டு. அதற்குள் வேலியைத் தள்ளிப் போட்டு, தலைமுறையாகத் தங்கள் வளவு என்றே எண்ணி இருப்பவர்களும் உண்டு. உறுதியில், அதாவது காணியின் உரிமைப் பத்திரத்தில், ஒரு பக்க எல்லை "குளம்" என்று எழுதியிருந்தால், குளம் எங்கே முடிகிறது என்பதை விற்பவரின் வேலி தீர்மானிக்காது. கிராம அலுவலரிடமும் கமநல சேவை நிலையத்திலும் விசாரியுங்கள். இதற்குச் செலவில்லை. ஒரு காலைப்பொழுது போதும்.

குளத்தின் கீழே இருப்பது வயலா, தறையா (மேட்டுக் காணியா) என்பதையும் உறுதியில் பாருங்கள். வயல் காணியை நிரப்பி வீடு கட்டுவதற்கும் வேறு தேவைக்குப் பயன்படுத்துவதற்கும் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். "எல்லாரும் நிரப்பிக் கட்டியிருக்கிறார்கள்" என்பது அனுமதி அல்ல. அனுமதியின்றி நிரப்பிய வயலில் நிற்கும் வீட்டுக்குப் பின்னர் வங்கிக் கடன் எடுப்பதும் கடினம், விற்பதும் கடினம்.

கடல்நீரேரிக் கரை என்றால் இன்னொரு சட்டம் சேர்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர்வரை கரையோர வலயம். கடலோடு தொடர்புள்ள ஆறு, கடல்நீரேரி போன்ற நீர்நிலைகளுக்கு அந்த வலயம் அவை கடலோடு சேரும் வாயிலிருந்து இரண்டு கிலோமீற்றர்வரை உள்ளே வருகிறது. வலயத்துக்குள் புதிதாகக் கட்டவோ இருப்பதைப் பெருப்பிக்கவோ எண்ணினால், உள்ளூராட்சி மன்ற அனுமதி மட்டும் போதாது. கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படும். இருக்கும் வீட்டுக்கு அந்த அனுமதி எடுக்கப்பட்டதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கரையில் வள்ளம் தரிக்கும் இடம், வலை காயப்போடும் இடம், கரைக்கு நடந்துபோகும் பாதை ஆகியவற்றை மீனவக் குடும்பங்கள் பல தலைமுறையாகப் பயன்படுத்தி வருகின்றன. காட்சி முழுவதும் தமக்கே வேண்டும், மதில் கட்டிப் பாதையை மறிக்கலாம் என்று நினைப்பவர்கள் அந்தக் கரையில் வாங்காமல் இருப்பதே நல்லது. வழக்குக்குப் போனாலும் வெல்வது நிச்சயமில்லை. அயலோடு வாழவும் முடியாது.

3. உறுதியைப் பின்னோக்கிப் படியுங்கள்

விற்பவர் கையில் இருக்கும் உறுதி ஒன்றை மட்டும் பார்த்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது என்று குறைந்தது முப்பது வருடத்துக்குக் காணிப் பதிவகத்தில் தேட வேண்டும். ஊரில் இதைத் தோம்பு தேடுவது என்பார்கள். உறுதி எழுதும் நொத்தாரிசின் உதவியாளர் செய்வார். ஆனாலும் பதிவேட்டுப் பிரதியை நீங்களும் கையில் வாங்கி வரிவரியாகப் படியுங்கள்.

போரில் மூல உறுதியைத் தொலைத்த குடும்பங்கள் இங்கே நிறைய. அதற்காக அந்தக் காணியை விட்டுவிட வேண்டியதில்லை. நொத்தாரிசு உறுதியின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது கடமை. ஆகவே உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அதே வேளை, "உறுதி தொலைந்துவிட்டது" என்ற சொல்லுக்குப் பின்னால், அந்த உறுதி எங்கோ கடனுக்குப் பிணையாக வைக்கப்பட்டிருக்கலாம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பதிவேட்டில் கவனிக்க வேண்டியவை:

ஈடு (கடனுக்கான அடைமானம்) பதிவாகியிருக்கிறதா? கடனைக் கட்டிவிட்டோம் என்று சொன்னால் மீட்பு உறுதி எங்கே என்று கேளுங்கள். மீட்பு உறுதி பதிவாகும்வரை ஈடு உயிரோடுதான் இருக்கிறது.

வழக்கு நிலுவை பதிவாகியிருக்கிறதா? குறிப்பாகப் பங்கு பிரிப்பு வழக்கு. அப்படிப் பதிவான பிறகு, வழக்கு முடியும்முன் அந்தக் காணியில் பிரிபடாத பங்கை விற்றால் விற்பனை செல்லாது.

உறுதி எந்த வகை? அறுதி உறுதி (முழு விற்பனை உறுதி) என்றால் கேள்வி குறைவு. நன்கொடை, சீதன உறுதிகளில் பெற்றோரின் சீவிய உருத்து (உயிரோடிருக்கும்வரை ஆளும் உரிமை) ஒதுக்கப்பட்டிருக்கலாம். தாயார் உயிரோடு இருந்தால் அவரும் கையொப்பமிட வேண்டும். சில பழைய நன்கொடை உறுதிகளில் பராதீனப்படுத்தக் கூடாது (பிறருக்குக் கைமாற்றக் கூடாது) என்ற நிபந்தனையும் இருக்கும். அதைச் சட்டத்தரணியிடம் காட்டாமல் நகர வேண்டாம்.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது, விற்பவர் தாமே "நான் இவ்வளவு காலம் ஆண்டு வருகிறேன்" என்று எழுதி முடித்த வெளிப்படுத்தல் உறுதி. வெளியேறிப் போனவர்களின் காணிகள் பல இந்த வழியில் கைமாறியிருக்கின்றன. பத்து வருடம் தடையின்றி ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது பொதுவான சட்டம். ஆனால் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், போரினால் தங்கள் உரிமையைக் கோர முடியாமல் போனவர்களுக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்க விடவில்லை. அந்தக் காலத்தை நம்பி எழுதப்பட்ட உறுதியை வாங்கினால், கனடாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ உண்மையான உரித்தாளியின் பிள்ளை வந்து நிற்கும்போது உங்களுக்குச் சட்டத்தில் நிற்க இடம் இல்லாமல் போகலாம். விலை பாதி என்றாலும் அப்படிப்பட்ட காணியை வாங்காதீர்கள்.

கையில் இருப்பது உறுதியா, அரச அனுமதிப்பத்திரமா என்பதையும் பாருங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியைத் தனியார் காணிபோல விற்க முடியாது. பிரதேச செயலகத்தின் ஒப்புதல் இல்லாமல் எழுதும் எந்த உடன்படிக்கைக்கும் பயனில்லை.

4. விற்பவரின் குடும்பத்தை அறியுங்கள்

வேறு மாவட்டத்தில் காணி வாங்கிப் பழகிய சட்டத்தரணிகள்கூடச் சறுக்கும் இடம் இது. இங்கே யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழக்காற்றுச் சட்டமான தேசவழமை நடைமுறையில் இருக்கிறது.

தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் பெயரில் உள்ள அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். சீதனமாக வந்த வீடுதானே, அவர் ஒருவர் கையொப்பமிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். கணவர் பிரிந்து வாழ்ந்தாலோ காணாமல் போயிருந்தாலோ மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். அதற்கு மாதங்கள் ஆகும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ. அப்படி ஒரு பெண்ணிடம் வாங்குகிறீர்கள் என்றால் அவரை அவசரப்படுத்தாமல் சட்டத்தரணி மூலம் வழியைச் செய்து கொடுங்கள். செலவில் ஒரு பங்கை நீங்கள் ஏற்பதும் நியாயமே.

இறந்தவர் பெயரில் காணி இருந்தால், மனைவியோ மூத்த மகனோ தனியாக விற்க முடியாது. திருமணத்துக்குப் பின் தேடிய தேட்டத்தில், மரணசாதனம் (உயில்) எழுதாமல் இறந்தவரின் உரித்தில் பாதி துணைவருக்கும் மீதி வாரிசுகளுக்கும் போகும். எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் அவர்கள் இருக்கும் நாட்டையும் முதல் சந்திப்பிலேயே எழுதி வாங்குங்கள். மரணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ் ஆகியவை தேவைப்படும். மரணசாதன வழக்கு தேவையா, முடிந்ததா என்பதையும் கேளுங்கள்.

மூன்றாவது, முன்வாங்கும் உரிமை. பிரிபடாத பங்கு ஒன்று விற்கப்படும்போது, 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி உடன் பங்காளிகளுக்கும் விற்பவரின் வாரிசு ஆகக்கூடியவர்களுக்கும் அந்தப் பங்கை மற்றவர்களுக்கு முந்தி வாங்கும் உரிமை இருக்கிறது. அவர்களுக்கு எழுத்து மூலம் அறிவித்தல் கொடுத்ததற்கான சான்றைக் கேளுங்கள். பங்காளிகள் உறுதியிலேயே சம்மதித்துக் கையொப்பமிட்டால் இன்னும் நல்லது. வாய்ச்சொல்லாக "தம்பிக்கு ஆட்சேபம் இல்லை" என்று சொல்வதை ஏற்காதீர்கள். பின்னர் விலை ஏறும்போது ஆட்சேபமும் வரும்.

5. வெளிநாட்டில் இருப்பவர் விற்றால், வெளிநாட்டில் இருப்பவர் வாங்கினால்

விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) மூலம் இங்குள்ள உறவினர் கையொப்பமிடுவார். அந்தத் தத்துவத்தில் இந்தக் காணியை விற்கும் அதிகாரம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா, வெளிநாட்டில் செய்ததென்றால் முறைப்படி உறுதிப்படுத்தப்பட்டதா, இங்கே பதிவானதா என்று பாருங்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் தத்துவமும் முடிந்துவிடும். ஆகவே உறுதி முடிக்கும் நாளிலேயே அவரோடு காணொளி அழைப்பில் முகம் பார்த்துப் பேசுங்கள். இதைக் கேட்பது அவமரியாதை என்று சிலர் தயங்குவார்கள். உண்மையாக விற்பவர் எவரும் இதற்குக் கோபிக்க மாட்டார்.

வாங்குபவர் நீங்கள் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவராக இருந்தால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் பெயருக்குக் காணி எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடையில்லை. சகோதரர் பெயரில் எழுதிவைத்துப் பின்னர் பார்ப்போம் என்பவர்களுக்குச் சொல்வது இதுதான்: சட்டத்தின் கண்ணில் அது சகோதரரின் காணி. அவர் இறந்தால் அவருடைய மனைவி பிள்ளைகளின் காணி. இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு, அது கைக்கு வந்தபின் வாங்குங்கள்.

6. அளந்து பாருங்கள்

பழைய உறுதிகள் பரப்பிலும் குழியிலும் இருக்கும். ஒரு பரப்பு 18 குழி, அதாவது 10 பேர்ச், 2,722.5 சதுர அடி. 16 பரப்பு ஓர் ஏக்கர். கொழும்பிலிருந்து வருபவர்கள் பேர்ச் விலையும் இங்குள்ளவர்கள் பரப்பு விலையும் பேசிக் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். எந்த அளவில் பேசுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளப்பியுங்கள். அயல் காணிக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, அவர்கள் நிற்கும்போதே எல்லைக்கல் போடுவது அவசியம். கதியால் வேலி வருடாவருடம் நகரும். மதில்தான் எல்லை என்றும் நம்பக் கூடாது. குளத்துப் பக்கமும் ஒழுங்கைப் பக்கமும் அளவையாளர் எங்கே கோடு போடுகிறார் என்பதை நேரில் நின்று பாருங்கள்.

வளவுக்குள் போகும் பாதை யாருடையது? உறுதியில் "வழி வாய்க்கால் பங்கு" எழுதப்பட்டிருக்கிறதா? ஒழுங்கை தனியாருடையது என்றால், அந்தப் பாதையில் வாகனம் போகும் உரிமை உறுதியில் இருக்க வேண்டும். நடந்துபோக விட்டவர்கள் லொறி போக விடாமல் மறித்த கதைகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

7. உள்ளூராட்சிக் கடதாசிகள்

மாநகர சபை அல்லது பிரதேச சபையில் நான்கு வேலை. கட்டட அனுமதியும் அங்கீகரித்த வரைபடமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கட்டி முடித்தபின் பெற்ற இணக்கச் சான்றிதழைக் கேளுங்கள். வீதிக்கோட்டுச் சான்றிதழையும், காணி சுவீகரிப்புக்கு உட்படவில்லை என்ற சான்றிதழையும் எடுங்கள். சோலைவரி (உள்ளூராட்சி மன்றம் அறவிடும் வீட்டு வரி) நிலுவை இல்லை என்ற பற்றுச்சீட்டை வாங்குங்கள். வங்கிக் கடன் எடுக்க எண்ணினால் இவை இல்லாமல் விண்ணப்பமே நகராது.

வீதிக்கோட்டுச் சான்றிதழை எளிதாக விட்டுவிடாதீர்கள். வீதி அகலிக்கப்படும்போது முன் விறாந்தையோடு போகும் வீடுகள் உண்டு.

8. கிணறு, மலக்குழி, தண்ணீர்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். நம் கிணற்று நீர், சுண்ணாம்புக் கல்லுக்குள் மழை ஊறி நிற்கும் நீர். அதற்குக் கீழே உவர்நீர் இருக்கிறது. அளவுக்கு மிஞ்சி மோட்டரால் இறைத்தால் கீழே உள்ள உவர் மேலே வரும். கடல்நீரேரிக்கு அண்மையில் இந்த ஆபத்து அதிகம். குளத்தருகே இருந்தால் ஒரு நன்மை உண்டு: மாரியில் குளம் நிரம்பினால் சுற்றுக் கிணறுகளில் நன்னீர் ஊறும். குளம் குப்பை கொட்டும் இடமாகியிருந்தால் அதே வழியால் அழுக்கும் ஊறும்.

நாக்கில் உவர் தெரியவில்லை என்பதால் நல்ல தண்ணீர் என்று முடிவு செய்யக் கூடாது. தோட்டங்களுக்குப் போடும் உரமும் மலக்குழிக் கசிவும் சேர்ந்து நைத்திரேற்று ஏறிய கிணறுகள் வலிகாமத்தில் நிறைய. அதற்குச் சுவையும் இல்லை, நிறமும் இல்லை. குழந்தைகளுக்கு அது கேடு. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மாதிரியை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்து நைத்திரேற்று, உவர்த்தன்மை, மலக்கிருமி ஆகிய மூன்றையும் சோதிப்பியுங்கள். சுன்னாகத்தைச் சுற்றிய பகுதிகளில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த பிரச்சினை எழுந்ததால், அங்கே வாங்குபவர்கள் எண்ணெய்ப் படலத்தையும் சேர்த்துக் கேளுங்கள். முடிந்தால் மாரிக்குப் பின் ஒரு மாதிரி, கோடை முடிவில் ஒரு மாதிரி. முழு வாங்கலிலும் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய பயன் தரும் வேலை இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடியாவது இருக்க வேண்டும் என்பது வழக்கம். உங்கள் குழியை மட்டும் அளக்காதீர்கள். மதிலுக்கு அந்தப்பக்கம் அயலவரின் குழி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். சுண்ணாம்புக் கல்லில் வெடிப்புகளும் குகைகளும் இருப்பதால் அழுக்கு விரைவாகப் போகும். இரண்டு பரப்புக்குள் வீடும் கிணறும் குழியும் அடங்கிய நெருக்கமான ஒழுங்கைகளில் அந்தத் தூரம் கிடைக்கவே கிடைக்காது. அப்படிப்பட்ட இடத்தில் கிணற்றைக் குளிக்கவும் துவைக்கவும் மட்டும் வைத்துக்கொண்டு, குடிப்பதற்குக் குழாய் நீரை நம்ப வேண்டும். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டபின் குழாய் நீர் பல பகுதிகளுக்கு வருகிறது. அந்த ஒழுங்கைக்கு வந்துவிட்டதா, அந்த வீட்டுக்கு இணைப்பு உண்டா என்று நீர் வழங்கல் சபையிடம் கேளுங்கள்.

பங்குக் கிணறு என்றால் எத்தனையில் ஒரு பங்கு, எந்த வழியால் தண்ணீர் எடுப்பது, மோட்டர் வைக்கலாமா என்பவை உறுதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

9. வீட்டைப் பார்க்கும்போது

பழைய வீட்டை வாங்குபவர்கள் கட்டட வேலை தெரிந்த ஒருவரை அழைத்துப்போங்கள். ஓட்டுக் கூரையில் பனஞ்சிலாகைகளைக் கறையான் தின்றிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். போர்க்காலத்தில் ஷெல் விழுந்து பின் பூசி மறைத்த சுவர்கள் உண்டு. புதிய பூச்சு ஓர் அறையில் மட்டும் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கடல்நீரேரிப் பக்கத்தில் உப்புக் காற்றால் கொங்கிறீற் தட்டுக்குள் கம்பி துருப்பிடித்து, அடிப்பக்கம் வெடித்து விழும். சுவரின் கீழ்ப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஈரம் ஏறுகிறது என்று பொருள். திருத்தலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் குறைக்க வேண்டும்.

முன்னர் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்து விடுவிக்கப்பட்ட பகுதி என்றால், கண்ணிவெடி அகற்றப்பட்டு ஒப்படைக்கப்பட்ட இடம்தானா என்பதைப் பிரதேச செயலகத்தில் உறுதி செய்யுங்கள். புதிதாகக் கிணறு வெட்டுபவர்களும் அத்திவாரம் தோண்டுபவர்களும் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

10. காசுக் கணக்கு

முத்திரை வரி: முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். உதாரணமாக ஒரு கோடியே 50 இலட்சத்துக்கு வாங்கினால், 3,000 ரூபாவும் 596,000 ரூபாவுமாக மொத்தம் 599,000 ரூபா. இது வாங்குபவரின் செலவு. இதற்கு மேல் நொத்தாரிசின் கட்டணம், தோம்பு தேடும் செலவு, அளவையாளர் கூலி, பதிவுக் கட்டணம், தரகுக் கூலி இருக்கின்றன. நொத்தாரிசின் கட்டணத்தையும் தரகையும் வேலை தொடங்கும் முன்னரே பேசி எழுதிக்கொள்ளுங்கள். தரகர் இரண்டு பக்கமும் வாங்குகிறாரா என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

வரியைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் யோசனை கட்டாயம் வரும். மறுத்துவிடுங்கள். பெறுமதியை அரச பக்கத்தில் மீண்டும் மதிப்பிடலாம். வங்கி கடன் தரும்போதும் அந்த எண்ணைத்தான் பார்க்கும். பின்னர் உரித்தில் குறை கண்டு விற்பவரிடம் காசைத் திரும்பக் கேட்க வேண்டி வந்தால், உறுதியில் உள்ள தொகைதான் பேசும்.

முற்பணம் கொடுக்கும்போது வெறும் பற்றுச்சீட்டு போதாது. காணி விற்கும் உடன்படிக்கை நொத்தாரிசு முன் சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் நீதிமன்றத்தில் நிற்கும். எவ்வளவு முற்பணம், எத்தனை மாதத்தில் முடிப்பது, உரித்தில் குறை வந்தால் முழுப்பணமும் எப்போது திரும்பும், வீட்டில் இருப்பவர்கள் எந்தத் திகதியில் வெளியேறுவார்கள் என்பவற்றை எழுதுங்கள். உடன்படிக்கையையும் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

வங்கிக் கடன் எடுப்பவர்கள் வங்கியின் சட்டத்தரணி அறிக்கை வரும்முன் உடன்படிக்கையில் இறுதித் திகதி போட வேண்டாம். அறிக்கைக்கு வாரங்கள் எடுக்கும். கடதாசி ஒன்று குறைந்தால் மாதங்கள்.

11. உறுதி முடிக்கும் நாளும் அதற்குப் பிறகும்

அன்று காலையிலேயே காணிப் பதிவகத்தில் கடைசித் தடவையாகத் தேடச் சொல்லுங்கள். முதல் தேடலுக்கும் இன்றைக்கும் இடையில் ஈடோ வேறு உறுதியோ பதிவாகியிருக்கலாம். பெயர்கள், அடையாள அட்டை எண்கள், எல்லைகள், அளவையாளரின் வரைபட எண், கிணற்றுப் பங்கு, பாதை ஆகியவற்றை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசிக்க நேரமில்லை என்று சொல்லும் நொத்தாரிசிடம் போக வேண்டாம்.

கையொப்பமிட்ட உறுதியைத் தாமதமின்றிப் பதிவுக்கு அனுப்புங்கள். ஒரே காணியை இருவருக்கு எழுதினால், பதிவில் முந்தியவரின் பக்கமே சட்டம் சாயக்கூடும். "அடுத்த மாதம் மற்ற உறுதிகளோடு சேர்த்து அனுப்புகிறேன்" என்று நொத்தாரிசு சொன்னால், அன்றைக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

பதிவு முடிந்தபின் பதிவேட்டுப் பிரதி ஒன்றை எடுத்து, உங்கள் பெயர் சரியான எழுத்துக்களோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சோலைவரிப் பெயர்மாற்றம், மின்சாரக் கணக்குப் பெயர்மாற்றம், நீர் இணைப்புப் பெயர்மாற்றம் ஆகியவற்றை அந்த மாதத்திலேயே முடியுங்கள். விற்றவரின் பழைய மின்பட்டியல் நிலுவையை அவர் கட்டிய பற்றுச்சீட்டோடு வாங்கிக்கொண்ட பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள். உறுதியின் மூலத்தை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, உறுதி, வரைபடம், தோம்புப் பிரதி மூன்றையும் படம் எடுத்துக் குடும்பத்தில் வேறு இருவரிடமும் கொடுத்து வையுங்கள்.